மாப்பிள்ளை பாட்டில்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவருக்குப் பெயர். மற்றபடி எல்லோருக்கும் அவர் மூக்கு அண்ணன். நிலத்தடி நீரைப் பரிசோதிக்கிற அந்த அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் பிடித்து வருவது அவர் வேலை. வாளியில் மொண்ட தண்ணீர்மேல் குனிவார், கண்ணை மூடுவார், ஒரே ஒரு தரம் மூச்சை இழுப்பார். "டீசல். பெட்ரோல் இல்ல" என்பார். மூன்று நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து வருகிற தாளும் அதையேதான் சொல்லும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அலுவலகத்தைச் சுற்றிக் காட்டும்போது வரைபட அறை, துளை போடுகிற இயந்திரம், மூக்கு அண்ணன் என்ற வரிசையில்தான் காட்டுவார்கள்.

அந்த மூக்கு நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. சோப்பும் ரப்பரும் மழையில் நனைந்த மண்ணும் அவருக்கு ஒன்றுதான். அதாவது ஒன்றுமே இல்லை. இதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம்தான் காரணம், வேறென்ன? மூக்கு இல்லாத மூக்கு அண்ணனை யார் மதிப்பார்கள்? ஆகவே வழக்கம்போலக் குனிந்தார், கண்ணை மூடினார், இழுத்தார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுக்குகிறதா, பக்கத்தில் நிற்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். நான்கு மாதமாக அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெட்ரோல் பங்க் விவகாரம் வந்தது. முச்சந்தியில் இருக்கிற பழைய பங்க். தரைக்கடியில் மூன்று தொட்டிகள். அதில் மூத்த தொட்டி எங்கேயோ இற்றுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. அளவுகோலை உள்ளே விட்டுப் பார்க்கும்போதெல்லாம் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருப்பதைக் கண்டு, பங்க் முதலாளியே அலுவலகத்துக்குப் போன் செய்தார். தொட்டியைக் காலி செய்து மூடியாயிற்று. போன பெட்ரோல் எங்கே போயிருக்கிறது என்பதுதான் பாக்கி. மண்ணுக்குள் இறங்கின பெட்ரோல் சும்மா இருக்காது. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அதன் முதுகில் ஏறிக்கொண்டு அதுவும் அந்தப் பக்கம் ஊரும். பங்க்குக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. பக்கவாட்டில் ஒரு தெரு இருந்தது. தெருவில் மூன்று வீடுகளில் கிணறு, மூன்றும் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறவை.

விசாரணைக்குப் பொறுப்பு இன்ஜினியர் மேடம். மூக்கு அண்ணன் வேலையில் சேர்ந்த வருடம் அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்திருக்காது. ஆனாலும் கறார் பேர்வழி. பங்க்கைச் சுற்றித் தரையில் துளை போட்டுக் குழாய் இறக்கித் தண்ணீர் எடுக்கிற வேலையைப் போன வாரமே முடித்துவிட்டார். பாக்கி இருந்தது வீட்டுக் கிணறுகள்தான். அதற்கு மூக்கு அண்ணனை அனுப்பினார்.

மாதிரித் தண்ணீர் பிடிப்பதில் சில சம்பிரதாயங்கள் உண்டு. விரல் நீளக் கண்ணாடி பாட்டிலில், ஒரு குமிழிகூட இல்லாமல், விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இவற்றோடு இன்னொரு பாட்டிலும் போய்வரும். அது ஆய்வகத்திலேயே சுத்தமான தண்ணீரை நிரப்பி மூடிக் கொடுக்கிற பாட்டில். வழியில் அதை யாரும் திறக்கக் கூடாது. பெட்டியில் உட்கார்ந்து போகும், பெட்டியில் உட்கார்ந்து திரும்பி வரும். போகிற வருகிற வழியில் வெளியிலிருந்து ஏதாவது பாட்டில்களுக்குள் புகுந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. சுத்தமாகப் போன பாட்டில் சுத்தமாகத் திரும்பினால் மற்ற பாட்டில்களையும் நம்பலாம். அலுவலகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். ஒரு துரும்பையும் அசைக்காமல் வண்டியில் ஜம்மென்று உட்கார்ந்து போகிற ஆள், முகம் வாடாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய ஆள், வேறு யார்? "மாப்பிள்ளை ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிரைவர் வண்டியைக் கிளப்புவார்.

அந்தத் திங்கட்கிழமை டிரைவர் லீவு. மூக்கு அண்ணனே பம்ப்பு, அதை ஓட்டுகிற சின்ன ஜெனரேட்டர், பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் முதுகுவலியோடு முனகிக்கொண்டே ஏற்றினார். மாப்பிள்ளையையும் மறக்காமல் ஏற்றினார். வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் இரண்டு வீடுகளில் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது, தையல்காரம்மா வீடு. முன்னறையில் ஒரு தையல் மெஷின். சுவர் ஆணிகளில் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள், கை இல்லாத சட்டைகளாக வரிசையாகத் தொங்கின. மெஷினுக்குப் பக்கத்திலேயே தொட்டில். காலால் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த பெண் குழந்தைக்கு நாற்பது நாள். அவள் கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு ஒரு தரம் வீட்டில் தலைகாட்டினால் பெரிது.

அண்ணன் பாட்டிலை நிரப்பி மூடும்வரை அவள் கிணற்றடியிலேயே நின்றாள்.

"அண்ணா, பங்க்ல லீக்குன்னு தெருவே பேசுது. எனக்கு எல்லாத்துக்கும் இந்தக் கிணறுதான். குடிக்க, சமைக்க, பாப்பாவைக் குளிப்பாட்ட. எனக்கு ஒண்ணும் வாடை தெரியல, ஆனா என் மூக்கு எம்மாத்திரம்? நீங்க மோந்து பாத்தே சொல்லிடுவீங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க."

"ரிப்போர்ட் வரட்டும்மா" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதுதான் முறை. ஆனால் அவள் கேட்ட விதத்தில் இருபத்தாறு வருடப் பெருமை சும்மா இருக்கவிடவில்லை. வாளிமேல் குனிந்தார். கண்ணை மூடினார். இழுத்தார். உள்ளே போனது வெறும் காற்று.

"தங்கமான தண்ணி" என்றார்.

"பாப்பாவைக் குளிப்பாட்டலாமா?"

"தாராளமா."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அண்ணனுக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஆய்வகம் மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறிப் பறந்தார். அங்கே போய் நான்கு பாட்டில்களையும் கொடுத்துவிட்டு, படிவத்தில் மூன்று கிணறுகளின் விவரத்தை மட்டும் அவசர அவசரமாகக் கிறுக்கினார். மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. படிவத்தில் இல்லாத பாட்டிலை இயந்திரத்தில் ஏற்றுகிற வழக்கம் ஆய்வகத்தில் இல்லை. மாப்பிள்ளை அவர்களுடைய குளிர்பெட்டியின் மூலையில் கேட்பாரற்று உட்கார்ந்தது. வண்டி அலுவலகக் கொட்டகைக்குத் திரும்பி, செவ்வாய் முழுக்கப் பூட்டியே கிடந்தது.

புதன்கிழமை காலையில் இன்ஜினியர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு தாள் இருந்தது.

"மூணு கிணத்துலயும் பென்சீன் இருக்கு" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். "பதினொண்ணு, பன்னெண்டு, பதினொண்ணு. பாக்கறதுக்குச் சின்ன நம்பர்தான். ஆனா அனுமதிச்ச அளவுக்கு மேல. குடிக்கிற தண்ணில இருக்கக் கூடாத சமாச்சாரம்."

"பெட்ரோல்ல இருக்குமே, அதுவா?"

"அதேதான். அதான் எனக்கும் புரியல. பங்க்கைச் சுத்தி எறக்கின குழாய்த் தண்ணியைப் பாத்தா எல்லாம் காலி மனைப் பக்கம் போற மாதிரி இருக்கு. தெருப் பக்கம் எப்படி வந்துதுன்னு தெரியல. அது அப்புறம். டேங்கர் லாரிக்குச் சொல்லிட்டேன். நீங்க உடனே போய் மூணு வீட்லயும் கிணத்துத் தண்ணியைத் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க."

பெரியவர்களாவது பரவாயில்லை, நாற்பது நாள் குழந்தை. திங்கள் சாயங்காலம், செவ்வாய், இன்றைக்குக் காலை என்று மூக்கு அண்ணன் விரல்விட்டு எண்ணினார். முதல் இரண்டு வீடுகளில் என்ன சொன்னார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பின்னால் யோசித்துப் பார்த்தபோது அவருக்கு எதுவும் நினைவில்லை.

தையல்காரம்மா அப்போதுதான் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டதும் துவட்டுகிற கை நின்றது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"நீங்கதானே அண்ணா சொன்னீங்க" என்றாள்.

சொல்லிக்கொண்டே குழந்தையைத் திருப்பிக் காட்டினாள். முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொடிப் புள்ளிகள். "நேத்திலேருந்து இருக்கு. புழுக்கத்துல வந்ததுன்னு நெனச்சேன்."

அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தார். "துணியைச் சுத்தும்மா. கிளம்பு. வண்டி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. கதவைச் சாத்தி, வண்டி தெருமுனைகூடத் தாண்டியிருக்காது, முந்தானையால் குழந்தையின் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் வெடித்தாள்.

"என்ன அண்ணா இது, வண்டிக்குள்ள இப்படிக் குமட்டுது! பெட்ரோல் வாடையில மூச்சு முட்டுதே, உங்களுக்கு வரலையா?"

அவர் பிரேக்கை மிதித்தார்.

"பெட்ரோல் வாடையா?"

"பின்ன என்ன? பங்க்லகூட இவ்வளவு நாறாது."

"இறங்கும்மா. முதல்ல பாப்பாவோட இறங்கு."

அவளை ஒரு கடை வாசல் நிழலில் நிற்க வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். பெட்ரோல் கேன் ஒருக்களித்துக் கிடந்தது. மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். கேனுக்கு அடியில் போட்டிருந்த சாக்கு ஈரம். அந்த ஈரச் சாக்கின் மேல்தான் ஐஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. டிரைவர் இருந்தால் கேனை வண்டியின் கூரைமேல், வெளியே, கயிறு போட்டுக் கட்டுவார். ஒருநாளும் உள்ளே ஏற்றமாட்டார். ஏறி இறங்க முதுகு இடம் கொடுக்கவில்லை என்று, ஒரு நாள்தானே என்று, கேனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தது சாட்சாத் மூக்கு அண்ணன். திங்கட்கிழமை முழுக்க வெயிலில், மூடிய வண்டியில், அந்த வாடைக்குள்தான் நான்கு பாட்டில்களும் ஊறிக்கொண்டு வந்திருக்கின்றன. மூக்கு உள்ள எவனும் கதவைத் திறந்த மாத்திரத்திலேயே கண்டுபிடித்திருப்பான். அவர் ஈரச் சாக்கைக் கையில் எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்து இழுத்துப் பார்த்தார். வெறும் காற்று.

தையல்காரம்மா தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வாடையே தெரியல, இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. நாலு மாசமா தெரியல."

"அப்ப அன்னைக்குக் குனிஞ்சு, கண்ணை மூடிப் பாத்ததெல்லாம்?"

"சும்மா. நடிப்பு." அவருக்குத் தலை நிமிரவில்லை. "மன்னிச்சுக்கோம்மா."

டாக்டர் வீடு அங்கிருந்து நூறடிதான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அண்ணன் பின்னாலேயே போனார். அவமானம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றாலும், இன்னொரு பக்கம் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சின்ன விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. பெட்ரோல் வண்டியிலிருந்து வந்திருந்தால் கிணற்றில் இல்லை. கிணற்றில் இல்லையென்றால் குழந்தை தப்பித்தது.

டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குழந்தையின் முதுகைப் பார்த்தார். "வேர்க்குரு" என்றார். "இத்தனை துணி சுத்தினா வராம என்ன செய்யும்? காத்தோட்டமா விடுங்க." தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்கு, இது தண்ணீரால் வந்ததில்லை, ஆனால் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டியது ஆய்வகம், தான் இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்க அண்ணா."

"சத்தியமா மாட்டேன்மா."

அவளை வீட்டில் கொண்டுபோய்விட அந்த வண்டி லாயக்கில்லை என்று ஆட்டோ பிடித்து அனுப்பினார். உடனே இன்ஜினியர் மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், மாப்பிள்ளைக்கு என்ன நம்பர் வந்துது?"

தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "மாப்பிள்ளையே இல்லையே இதுல. நீங்க கொண்டு போகலையா?"

"கொண்டு போனேன் மேடம். படிவத்துல எழுத மறந்துட்டேன். தயவுசெஞ்சு ஆய்வகத்துக்கு வாங்க. இப்பவே."

ஆய்வகத்து அம்மாள் சட்டம் பேசுகிறவர். ஐம்பது வயது, வெள்ளைக் கோட்டு, எதற்கும் முகத்தில் சிரிப்பு கிடையாது. "பேர் ஊர் இல்லாத பாட்டிலை நான் எப்படி ஓட்டறது?" என்று கேட்டார். அண்ணன் அங்கேயே நின்று படிவத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். அதை இரண்டு தரம் படித்துப் பார்த்த பிறகுதான் அம்மாள் குளிர்பெட்டியைத் திறந்தார்.

இயந்திரத்துக்கு அரைமணி நேரம் வேண்டும். வெளியே வராந்தாவில் ஒரு மர பெஞ்ச். அதில் ஒரு நுனியில் இன்ஜினியர் மேடம், மறுநுனியில் மூக்கு அண்ணன். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: கேன், சாக்கு, ரப்பர் வளையம், தாராளமா என்று சொன்னது, மூக்கு போனது. சொல்லச் சொல்ல பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. மேடம் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை கெட்டுப்போயிருக்கணும் மேடம்" என்றார் கடைசியில். "நல்லா நாறிப் போயிருக்கணும்."

இருபத்தாறு வருடத்தில் மாப்பிள்ளை சுத்தமாக வர வேண்டும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். அது கெட்டிருக்க வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு வேண்டின முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். சுத்தமாக இருந்தால் பெட்ரோல் கிணற்றில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதை நினைக்கும்போதெல்லாம் வாளியும் ஈரத் தலையோடு அந்தக் குழந்தையும் கண்ணுக்குள் வந்து நின்றன. எழுந்து வராந்தாவின் கடைசிவரை நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "உக்காருங்க அண்ணா, எனக்குத் தலை சுத்துது" என்றார் மேடம்.

கதவு திறந்தது. ஆய்வகத்து அம்மாள் ஒரு துண்டுத் தாளோடு வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாத அம்மாள்.

"பன்னெண்டு" என்றார்.

"பன்னெண்டா?"

"பன்னெண்டு. உங்க கிணத்துத் தண்ணியில இருக்கிற அதே அளவு. நான் கொடுத்த சுத்தமான தண்ணியை என்னய்யா பண்ணி வெச்சீங்க?"

"அப்பாடா!" மூக்கு அண்ணன் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது, முகமெல்லாம் சிரிப்பு. "தப்பு என்னுதுதான் மேடம்! என்னுதுதான்! கிணத்து மேல ஒரு தப்பும் இல்ல!" தன் தப்பு நிரூபணமானதற்கு இப்படிப் பூரித்துப்போன ஆளை அந்த வராந்தா அதுவரை பார்த்திருக்காது. ஆய்வகத்து அம்மாள் இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல மேடத்தைப் பார்த்தார்.

"ரொம்பக் குதிக்காதீங்க" என்றார் மேடம். "மூணு பாட்டிலையும் நம்ப முடியாதுன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. கிணறு நல்லா இருக்குன்னு இன்னும் யாரும் சொல்லல. நாளைக்குத் திரும்பப் பிடிக்கணும். புதுப் பெட்டி, வேற வண்டி, புது மாப்பிள்ளை. அதுவரைக்கும் டேங்கர் தண்ணிதான்."

"சரி மேடம்."

"உங்களுக்கு மெமோ கொடுப்பேன்."

"குடுங்க மேடம். ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன்."

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டுமா? பதினொண்ணு பன்னெண்டெல்லாம் எந்த மூக்குக்கும் எட்டாது. உங்க மூக்கு ஜோரா இருந்த காலத்துல கேட்டிருந்தாலும் அந்தம்மாகிட்ட நீங்க தாராளமான்னுதான் சொல்லியிருப்பீங்க. அதனாலதான் மோந்து பாத்துச் சொல்லாதீங்கன்னு விதியே இருக்கு. உடம்புக்கும் கெடுதல். உங்ககிட்ட யாரும் சொன்னதில்லையா?"

சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் வருடா வருடம் சொல்லியிருக்கிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அது மற்றவர்களுக்கான விதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் மூக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் துணி மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"போன மாசம் பால் அடிபிடிச்சுத் தீஞ்சு, மாடி வீட்டுக்காரங்க ஓடி வந்து கதவைத் தட்டினாங்க. நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. இதுக்கு ஜோசியமா பாக்கணும்?"

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஊரெல்லாம் உங்க மூக்கு புராணம். நான் எப்படிப் போய் உடைக்கிறது?" மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள். "நாளைக்கு லீவு போடுங்க. மூக்கு டாக்டர்கிட்ட போலாம்."

"நாளைக்கு முடியாது. கிணத்துக்குப் போகணும். சனிக்கிழமை போலாம்."

"சனிக்கிழமைன்னா சனிக்கிழமை. மாத்தி மாத்திப் பேசினா தெரியும் சேதி."

வியாழக்கிழமை டிரைவர் லீவு முடிந்து வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குக் கேன் என்ற பேச்சே இல்லை. கயிறு கட்டிய வாளியாலேயே மூன்று கிணற்றிலும் மொண்டார்கள். யாரும் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஐஸ் பெட்டியில் நடுநாயகமாக இடம் கொடுத்தார் அண்ணன். ஆய்வகத்தில் படிவத்தின் முதல் வரியிலேயே அதை எழுதினார்.

தையல்காரம்மா அன்று அதிகம் பேசவில்லை. வாளியை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். முன்னறையில் டேங்கர் தண்ணீர் குடங்கள் மெஷினைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றன. குழந்தையின் முதுகில் புள்ளிகள் பாதி மங்கியிருந்தன. அதை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு அவர் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தாள் வந்தது. மூன்று கிணறுகளுக்கும் நேராக ஒரே சொல்: இல்லை. மாப்பிள்ளைக்கும் இல்லை. பங்க்கைச் சுற்றிய குழாய்களையும் சேர்த்துப் பார்த்ததில் போன பெட்ரோல் முழுக்கக் காலி மனைக்கு அடியில்தான் தேங்கியிருக்கிறது, தெருப் பக்கம் ஓரடிகூட வரவில்லை என்று உறுதியாயிற்று. அடுத்த வாரம் அதை உறிஞ்சி எடுக்கிற வேலை ஆரம்பம். தாளைக் கையில் வாங்கினதும் மூக்கு அண்ணன் மதிய உணவைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

தையல்காரம்மா தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் வீட்டு எண் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள்.

"இது யார் சொல்றது அண்ணா? நீங்களா?"

"நான் இல்லம்மா. மெஷின் சொல்றது. மாப்பிள்ளைன்னு ஒரு பாட்டில் இருக்கு, அது கூடவே போய் வந்து சாட்சி சொல்றது." மாப்பிள்ளை யார் என்று விளக்கிச் சொன்னார். அந்த வாரம் அவள் சிரித்து அவர் பார்த்தது அப்போதுதான்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு. லாரியில உக்காந்து போறது, லாரியில உக்காந்து வர்றது" என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போனாள். கிடுகிடுவென்று ஒரு வாளி இறைத்து வைத்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அந்தக் கிணற்றிலிருந்து வீட்டுக்கென்று இறைத்த முதல் வாளி. கொஞ்சம் வெந்நீர் கலந்து, கையை விட்டுச் சூடு பார்த்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். குழந்தை முதலில் வீறிட்டது. பிறகு கையைக் காலை உதைத்துக்கொண்டு தண்ணீரோடு சமாதானமாயிற்று. அண்ணன் கிளம்ப வேண்டியவர்தான். ஆனால் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

துண்டில் சுற்றின குழந்தையை அவள் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"மோந்து பாருங்க" என்றாள்.

"என்னம்மா, கிண்டல் பண்றியா?"

"கிண்டல் இல்ல அண்ணா. பாருங்க."

அவர் குழந்தையின் ஈரத் தலைமேல் குனிந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. மெதுவாக இழுத்தார். மெத்தென்ற முடி மூக்கில் உரசியது. தலை கதகதவென்று இருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார். "நீதான் சொல்லணும்."

அவள் பக்கத்தில் வந்து குனிந்து அதே இடத்தில் முகர்ந்தாள். அவசரப்படவில்லை.

"சோப்பு" என்றாள். "அப்புறம் கொஞ்சம் பால் வாசனை."

"பெட்ரோல்?"

"இல்ல அண்ணா."

அவர் இன்னொரு தரம் கேட்டார். அவள் இன்னொரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு அதையே சொன்னாள்.